மாப்பிள்ளைப் பயிற்சி

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

பயிற்சி ஆபீசிலிருந்து வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நிரஞ்சனாவின் பயிற்சிச் சான்றிதழில் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை? ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் தப்பு என் பக்கம் இருப்பதுபோல ஆகிவிடும். அதனால் விவரமாகச் சொல்கிறேன். காப்பி வரும். வர வேண்டும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு யாராவது பக்கத்தில் நின்றால் வரும்.

இந்த மாதம் முடிவதற்குள் அந்தக் காகிதம் சென்னைக்குப் போய்ச் சேராவிட்டால் அவளை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்களாம். அதைத்தானே சொல்ல வந்தீர்கள்? அனுப்பட்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேரட்டும். இந்த வீட்டில் அவளுக்கு இடம் இல்லையா என்ன?

செண்பகா கேட்டரிங் சர்வீஸ் என்றால் புதுக்கோட்டையில் தெரியாதவர் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கருமாதி, எதுவானாலும் நம் அண்டாதான் போய் இறங்கும். செண்பகா என்பது நான்தான். செண்பகவல்லி. எங்கள் வீட்டுக்காரர் வேனைப் பார்த்துக்கொள்கிறார். ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறார். இவர் முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். மற்றது எல்லாம் என் தலையில்.

எனக்கு ஒரே மகன், தரணிதரன். பி.இ. மெக்கானிக்கல். படித்து முடித்து நாலு வருஷம் ஆகிறது. வேலை கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேலை கிடைத்தது. அவனுக்கு ஏற்ற வேலைதான் கிடைக்கவில்லை. எல்லாரும் காலையில் எட்டு மணிக்கு வா என்கிறார்கள். எட்டு மணி என்பது ஒரு மனுஷன் எழுந்திருக்கிற நேரமா, ஆபீசில் போய் நிற்கிற நேரமா?

அப்போதுதான் உங்கள் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளை ஆறு மாதம் ஒரு தொழிலில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், மாதாமாதம் உதவித்தொகை அரசாங்கமே கொடுக்கும், கடைசியில் ஒரு சான்றிதழ், அதைக் காட்டினால் வேலை. கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மேடம். வீட்டில் இருக்கிற பிள்ளைக்குப் பணம்! தரணி நாலு வருஷமாக இலவசமாகச் செய்துகொண்டிருந்த காரியம்.

உடனே உங்கள் ஆபீசுக்கு ஓடினேன். என் கேட்டரிங்கிலேயே என் மகனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே இருந்த சார், "முதலாளியோட பிள்ளைங்களை அவங்க கடையிலயே சேக்க முடியாதும்மா, விதி இருக்கு" என்று சொல்லிவிட்டார். நல்ல விதி. பெற்ற பிள்ளைக்குத் தாய் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். காரைக்குடியில் என் தம்பி இளங்கோ ஏ.சி., ஃபிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் நிரஞ்சனா எம்.எஸ்ஸி. கணக்கு படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவனுக்கும் இதே சிக்கல்தான், அவன் கடையில் அவன் மகளைச் சேர்க்க முடியாது. எனக்குப் பளிச்சென்று பட்டது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் பக்கத்தில் இல்லாத வழக்கமா? தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், உன் பொண்ணை இங்க அனுப்பு, நான் பயிற்சிக்கு எடுத்துக்கறேன். என் பையனை அங்க அனுப்பறேன், நீ எடுத்துக்க."

"அக்கா, சொந்தக்காரங்களா இருந்தா ஒத்துக்க மாட்டாங்களே?"

"உன் பொண்ணுக்கு இனிஷியல் வேற, என் பையனுக்கு இனிஷியல் வேற. எங்கடா சொந்தம்? தரணி அவ கழுத்துல தாலி கட்டுனாத்தான் சொந்தம். அது அப்புறம்."

நான் பொய் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள் மேடம். உங்கள் ஆபீசில் உறவினரா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஆகப்போகிறவள்தானே, ஆனவள் இல்லையே. சிறு வயதிலிருந்தே இவளுக்கு இவன் என்று நான் மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். தம்பி மகள் எனக்கு மருமகள் முறை. முறை இருக்கும்போது கேட்பதற்கு என்ன இருக்கிறது? அதனால் அவளைக் கேட்கவில்லை.

ஒரே நாளில் மாற்றிக்கொண்டோம். அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு அதே காரில் இவனைக் கூட்டிக்கொண்டு போனான் தம்பி.

இப்போது பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். அதுதானே உங்களுக்கு வேண்டும்.

தரணிக்கு அங்கே நடந்த பயிற்சியைப் போல நான் எங்கும் பார்த்ததில்லை. முதல் நாளே தம்பி தன் சொந்த நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டான். சுழலும் நாற்காலி. தம்பி பெண்டாட்டி கோமதி, அவள் கொஞ்சம் அழுத்தக்காரி, அவளே பத்து மணிக்கு ஒரு டிபன், நாலு மணிக்கு ஒரு டிபன் என்று கடைக்குக் கொடுத்துவிடுவாள். இவன் ஏதோ ஆசையில் ஒரு நாள் ஏணி பக்கம் போயிருக்கிறான். மெக்கானிக் பையன் ஓடிவந்து, "மாப்பிள்ளை, நீங்க எதுக்கு ஏறிக்கிட்டு? விழுந்துட்டீங்கன்னா முதலாளி என்னை வெட்டிருவாரு" என்று இறக்கிவிட்டானாம். ஒரு ஸ்பேனரை எடுத்துப் பார்க்கக் கேட்டதற்குத் தம்பியே வாங்கி வைத்துவிட்டான். "நாளைக்கு என் பொண்ணு கழுத்துல தாலி கட்டப்போற கையிலே கிரீஸ் படலாமா?" என்றானாம். எவ்வளவு மரியாதை பாருங்கள். தம்பி பாசக்காரன்.

அதற்காக என் மகன் சும்மா இருந்தான் என்று சொல்லிவிட முடியாது. சர்வீஸ் முடிந்த ஏ.சி. நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிற பொறுப்பு முழுக்க அவனுடையது. மாடியில் ஒரு அறை. அதில் மெஷினை மாட்டிவிட்டு இவனைக் கீழே படுக்க வைப்பார்கள். தூக்கம் வந்தால் ஏ.சி. சரி. வராவிட்டால் மறுபடி கேஸ் ஏற்றுவார்கள். ஆறு மாதத்தில் ஒரு மெஷினைக்கூட அவன் திருப்பி அனுப்பியது இல்லை என்று தம்பி பெருமையாகச் சொல்கிறான்.

இங்கே நிரஞ்சனா. வந்தபோது வாயைத் திறக்க மாட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஆனால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் பார்ப்பாள், அந்தக் கண் இருக்கிறதே. அது அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சி என்றால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டுமா இல்லையா? முதலில் எங்கள் வீட்டு அடுப்படியைக் காட்டினேன். காலையில் வாசல் தெளித்துக் கோலம், மாமாவுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, எனக்குச் சர்க்கரை போட்ட காப்பி, அப்புறம் மண்டபம். மண்டபத்தில் பந்தி முடிந்ததும் வீடு, வீட்டில் இரவுச் சமையல். தொழில் வேறு, வீடு வேறு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி எங்களுக்குக் கிடையாது. உங்கள் ஆபீசிலிருந்து ஒருமுறை போன் செய்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சொன்னார்கள். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எட்டு என்ன, பத்து என்ன? கடிகாரம் பார்த்தா கோலம் போட முடியும்?

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே உதவித்தொகைதான். பையனுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பாகுபாடு பார்க்கவில்லை. அந்த நியாயத்தை நான் பாராட்டுகிறேன்.

கொஞ்ச நாளிலேயே அவள் குணம் வெளிவந்தது. ஒரு வளைகாப்புச் சாப்பாடு. காலையில் இலை போட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. இவள் போய் ரெங்கசாமி மாஸ்டரிடம், "மாஸ்டர், பாயசத்துக்கு எடுத்து வச்ச முந்திரி குறையுதே, எங்க?" என்று கேட்டுவிட்டாள். மாஸ்டர் முப்பது வருஷமாக நம்மிடம் இருக்கிறவர். அவர் கரண்டியைப் பிடித்தால் ஊரே மணக்கும்.

"ஏம்மா, நேத்து வந்த நீ என்னைக் கேள்வி கேக்குறியா?"

"கேள்வி இல்லை மாஸ்டர். அந்தத் தூக்குவாளியைக் கொஞ்சம் திறந்து காட்டிருங்க, நான் பேசாமப் போயிடறேன்."

காய் நறுக்குகிற பெண்கள், இலை எடுக்கிற ஆட்கள், அத்தனை பேர் முன்னாலும்! திறந்தால் முந்திரி. மேலே கொஞ்சம் திராட்சை. மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்டியை அண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். தூக்குவாளியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இவளோ காய் நறுக்குகிற பாக்கியத்தையும் இன்னொருத்தியையும் கூப்பிட்டு, "அக்கா, நீங்க சாம்பாரைப் பாருங்க, நீங்க கூட்டைப் பாருங்க, உப்பு மட்டும் எங்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பரிமாறுகிற ஆண்கள் நாலு பேரைப் பேர் சொல்லி ஏவுகிறாள். நீ அங்கே போ, நீ இங்கே வா. பந்தி நேரத்துக்கு நடந்தது. எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். வளைகாப்பு வீட்டுக்காரர் வந்து, சாம்பார் இன்றைக்குத்தான் நன்றாக இருந்தது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது வேறு விஷயம். நான் கேட்பது, ஒரு மாஸ்டரை அப்படிக் கேட்கலாமா? எல்லா மாஸ்டரும் எடுப்பதுதான். அதையும் சேர்த்துத்தானே நாம் பில் போடுகிறோம்? அவரைத் திருப்பிக் கூட்டிவர நான் அவர் வீட்டுக்கே போக வேண்டியதாயிற்று.

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தொழிலில் இலைக் கணக்கு என்று ஒன்று உண்டு மேடம். எத்தனை இலை விழுந்ததோ அத்தனைக்குப் பணம். ஊர் வழக்கம் என்னவென்றால் கிழிந்தது, காற்றில் பறந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டிச் சொல்வோம். வாங்குகிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். இந்தப் பெண் கல்யாண வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே சரியான கணக்கைச் சொல்லிவிட்டாள். எம்.எஸ்ஸி. கணக்கு! நான் கண்ணைக் காட்டுகிறேன். "என்ன அத்தை, கண்ணுல தூசியா?" என்கிறாள். அதிலிருந்து அந்த மனிதர் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தையெல்லாம் நமக்கே கொடுக்கிறார். அதையும் நான்தான் ஓடி ஓடிச் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதி என்னிடம் சொல்லாமல் மகள் ஜாதகத்தை வெளியே கொடுக்கிறாள் என்று என் காதில் விழுந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வாரம்தான் போன் வந்தது. நான் மண்டபத்தில் இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள், நல்ல மரியாதையான குரல்.

"வணக்கம்மா, செண்பகவல்லி அம்மாங்களா? சென்னையிலேர்ந்து பேசுறேன். நிரஞ்சனா உங்ககிட்டதானே இருக்காங்க? அவங்களோட பேசிப் பாத்தோம், எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கூடவே வச்சுப் பாத்தவங்க நீங்க. அதனால உங்களை ஒரு வார்த்தை..."

அந்தம்மா முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு! போனிலேயே பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள். இலைக்கட்டை அப்படியே கீழே போட்டேன். ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை. நான் பார்க்காத கல்யாணமா? பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அதில் ஒருவர் சரியாகப் பதில் சொன்னால் போதும், வந்த சம்பந்தம் வந்த வழியே போய்விடும்.

"என்ன தெரியணும், கேளுங்க. நான் ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுவேன்" என்றேன்.

"எல்லாரையும் அனுசரிச்சுப் போவாங்களாம்மா?"

"அனுசரணையா? அதெல்லாம் மருந்துக்கும் கிடையாதுங்க. எங்க மாஸ்டர் வயசுக்குக்கூட மரியாதை குடுக்காம முந்திரி எங்கன்னு கேட்டு, தூக்குவாளியைத் திறக்க வச்சவ. அந்த மனுஷன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

"ஐயோ. அப்புறம் சாப்பாடு?"

"அது நடந்துச்சு. இவளே நின்னு ஆம்பளை ஆளுங்களையெல்லாம் அதட்டி உருட்டிப் பந்தியை முடிச்சா. அடக்க ஒடுக்கமான பொண்ணு செய்யற வேலையா அது?"

"பண விஷயத்துல எப்படி?"

"அதை ஏன் கேக்குறீங்க! சொந்த அத்தை நான், எங்கிட்டயே ரசீது கேக்குறா. இலைக் கணக்குல ஒரு இலை கூட்டிச் சொல்ல விடமாட்டா. ஒரு கரண்டி காணாமப் போனாக்கூட வேனைக் கிளம்ப விடமாட்டா."

"காலையில சீக்கிரம் எழுந்திருப்பாங்களா?"

"விடியறதுக்கு முன்னாடியே தன்னந்தனியா மார்க்கெட்டுக்குப் போயிடறா. காய்க்காரங்களோட சரிக்குச் சரி பேரம் பேசுறா. பயம்னு ஒண்ணு இருக்கணுமில்ல ஒரு பொண்ணுக்கு?"

"பெரியவங்க சொன்னாக் கேட்டுக்குவாங்களா?"

"சரின்னு பட்டாத்தான் கேப்பா. இல்லேன்னா ஏன்னு கேப்பா. நாம பதில் சொல்ற வரைக்கும் அப்படியே நிப்பா."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு, "ரொம்ப நன்றிம்மா. இவ்வளவு வெளிப்படையா யாரும் சொல்லவே மாட்டாங்க. முடிவு எடுக்க ரொம்ப உதவியா இருந்துச்சு" என்றார். பாவம், உடைந்துபோய்விட்டார். போனை வைத்துவிட்டு ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியான தூக்கம்.

ரெண்டு வாரம் கழித்து நிரஞ்சனா என் முன்னால் வந்து நிற்கிறாள். "அத்தை, சென்னையில ஒரு கம்பெனி கேன்டீன்ல சூப்பர்வைசர் வேலை கிடைச்சிருக்கு. ஆயிரக்கணக்கான பேருக்கு மூணு வேளையும் சாப்பாடு. தங்க இடமும் குடுக்கறாங்க. அடுத்த வாரம் ஆறு மாசம் முடியுது. நீங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா..."

 போனில் பேசிய அம்மாள் மாப்பிள்ளை வீடு இல்லையாம். கம்பெனியாம்! சரி, எந்த வீடாக இருந்தால் என்ன? நான் சொன்னது சொன்னதுதானே? அவ்வளவு சொல்லியும் எடுத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை கேளுங்கள். அதே கம்பெனிக்குத் தரணியும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். அதாவது, நிரஞ்சனாதான் அவனுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள், அவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஏ.சி. பராமரிப்பு வேலைக்கு. அந்தம்மா என் தம்பிக்கும் போன் செய்து விசாரித்திருக்கிறார். கம்பெனி என்று தம்பிக்குத் தெரியும். தெரிந்து, எவ்வளவு உயர்த்திச் சொல்லியிருக்கிறான் தெரியுமா?

"பையன் தங்கமுங்க. உக்கார வச்ச எடத்துல உக்காந்திருப்பாரு. ஆறு மாசத்துல ஒரு சாமானைக் கையால தொட்டதில்லை. நாங்களும் தொட விட்டதில்லை. கோவமே வராது. எழுப்பினாத்தான் லேசா வரும்" என்றானாம்.

ஒரு தாய்மாமன் இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? கேட்கிற எனக்கே உடம்பு சிலிர்த்தது. அவனை எடுக்கவில்லை மேடம்! நான் அவ்வளவு தாழ்த்திச் சொன்ன பெண்ணுக்கு வேலை. அவ்வளவு உயர்த்திச் சொன்ன பையனுக்கு இல்லை. இது எந்த ஊர் நியாயம்? கட்டாயம் உள்ளே ஏதோ சிபாரிசு நடந்திருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தைத்தான் உங்கள் ஆபீஸ் விசாரிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு என் கையெழுத்தை விசாரிக்கிறீர்கள்.

தரணியின் சான்றிதழ் அவன் பயிற்சி முடிந்த அன்றைக்கே வந்துவிட்டது. தம்பி அதை லேமினேட் செய்து, வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, வேட்டி சட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினான். முறை தெரிந்தவன்.

நானும் முறை தெரிந்தவள்தான். நிரஞ்சனாவிடம் பொறுமையாகச் சொன்னேன். "தை மாசம் நிச்சயம் வச்சுக்கலாம். அன்னிக்குப் பூவோட பொட்டோட உன் சான்றிதழையும் தட்டுல வச்சுத் தரேன்."

"அத்தை, அது சான்றிதழ். சீர் இல்லை."

"எல்லாம் ஒண்ணுதாண்டி. கட்டிக்கிட்டு இங்கேயே இரு. இந்தக் கேட்டரிங்கே உனக்குத்தான்."

"கேட்டரிங் பிடிச்சிருக்கு அத்தை. இங்கதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். உங்க மேல கோவமும் இல்லை. தரணியைக் கட்டிக்க மாட்டேன்."

"ஏன்? அவனுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. அவனை எழுப்பறதுக்கே சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்கணும். அதுக்கும் ஒரு திட்டம் வந்தாச் சொல்லுங்க."

வாய் திறக்காத பெண் பேசுகிற பேச்சா இது? நாங்கள் கொடுத்த பயிற்சி. சான்றிதழைக் கொடுக்கக் கம்பெனியில் ஒரு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பயிற்சி முடிந்த மறுநாள் காலையில் மாமாவுக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னை பஸ் ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் எங்கே போய்விடுவாள் என்று இருந்துவிட்டேன். தரணியிடம் சொன்னேன். அவனுக்கும் மனசு கஷ்டம்தான். "அப்ப மத்தியானம் யாரு சாப்பாடு போடுவா?" என்று கேட்டான்.

அவள் போனதிலிருந்து ஒன்றும் சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். போன முகூர்த்தத்தில் மூன்றாவது பந்தியில் சாம்பார் தீர்ந்துவிட்டது. பெண்ணின் அப்பா மேடைக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். ரெங்கசாமி மாஸ்டர் இப்போது ஒன்றுக்கு ரெண்டு தூக்குவாளி கொண்டுவருகிறார். ஜல்லிக்கரண்டிகள் எந்த மண்டபத்தில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. பாக்கியம் வேறு, "அந்தப் பாப்பா எப்ப வரும்?" என்று தினம் கேட்டு என் வாயைக் கிளறுகிறாள். எல்லாம் கண் திருஷ்டி.

என்ன கேட்டீர்கள்? சத்தமாகப் பேசுங்கள் மேடம், இவ்வளவு மெல்லப் பேசினால் ஆபீசில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஓ. நானே அவளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டிருக்கலாமே என்கிறீர்களா? நல்ல கதை. வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? கேட்கவே அசிங்கமாக இல்லை?

நான் ஒரு யோசனை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் அதில் பெயரை மட்டும் மாற்றித் தரணிதரன் என்று போட்டுவிடுங்கள். கேன்டீன் வேலைக்கு அவன் போகட்டும். ஏ.சி. சான்றிதழை அவள் வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே ஆளை மாற்றிக்கொண்டோம், இப்போது காகிதத்தை மாற்றிக்கொள்கிறோம். கல்யாணம் ஆனால் அவளுடையது எல்லாம் அவனுடையதுதானே? கொஞ்சம் முன்கூட்டியே. முடியாதா? தலையை அப்படி ஆட்டாதீர்கள், கழுத்து சுளுக்கிக்கொள்ளும். முடியாது என்றால் விடுங்கள். என்னாலும் முடியாது. கையெழுத்து இல்லை. போய்ச் சொல்லிவிடுங்கள்.

என்ன அது? சான்றிதழில் அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும்? பயிற்சி கொடுத்தவரின் கருத்தா? என் கருத்தா? அதை யார் படிப்பார்கள்? கம்பெனியிலா? அந்த அம்மாளே படிப்பாரா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தீர்களே. போனில் சொன்னது காற்றோடு போயிருக்கும், எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாதே? எழுதுங்கள், எழுதுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், நீங்களே எழுதுங்கள். நான் சொல்லச் சொல்ல. ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்காதீர்கள்.

யாராக இருந்தாலும் முகத்துக்கு நேராகக் கணக்குக் கேட்பாள். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் தப்புச் செய்தாலும் விடமாட்டாள். பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் எழுதமாட்டாள். முதலாளி கண்ணைக் காட்டினாலும் எழுதமாட்டாள், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் இல்லாவிட்டாலும் நானாச்சு என்று பந்தியை நடத்துகிற திமிர் உண்டு. விடிவதற்கு முன்பே எழுந்து ஒற்றையாக மார்க்கெட்டுக்குப் போவாள். ஒரு கரண்டி தொலைந்தாலும் ஊரைக் கூட்டுவாள். காரணம் சொல்லாமல் அவளிடம் எந்த வேலையும் வாங்க முடியாது. எழுதிவிட்டீர்களா? வாசித்துக் காட்டுங்கள். ஆமாம். ஆமாம். திமிர் என்பதற்கு அடிக்கோடு போடுங்கள்.

நில்லுங்கள், ஏன் மடிக்கிறீர்கள்? கையெழுத்து இல்லாமல் எடுத்துக்கொண்டு போனால் யார் எழுதியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தைக் கலைக்க மொட்டைக் கடிதாசி போடுகிற குடும்பம் இல்லை எங்கள் குடும்பம். சொல்வதை நேராகச் சொல்லி, கீழே பெயரைப் போடுவோம். பேனாவைக் கொடுங்கள். எங்கே, கருத்துக்குக் கீழே இந்தக் கோட்டிலா? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தா? நல்லது. செண்பகவல்லி. இருங்கள், கடை சீலும் வைக்கிறேன். அழுத்தி வைத்தால்தான் விழும். பார்த்தீர்களா, எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது? இனி அந்தம்மா எப்படி அவளை வைத்துக்கொள்கிறார் என்று நானும் பார்க்கிறேன். இன்றைக்கே அனுப்பிவிடுவீர்கள்தானே? இன்றைக்கே அனுப்புங்கள்.

காப்பிதான் வரவே இல்லை. இருந்து சாப்பிட்டுவிட்டே போங்கள் மேடம். உள்ளே சோறு இருக்கிறது, ரசம் இருக்கிறது. பரிமாற ஆள் இல்லை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரத்தை மட்டும் மெதுவாக வையுங்கள். மாடியில் தரணி தூங்குகிறான்.